தாத்தாவோட அப்பா பேர் என்ன? கடலூர், புதுச்சேரிக் குடும்பங்களுக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பாதிரிப்புலியூரில் எனக்கு ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. வில்லங்கம் போட, பட்டா எடுக்க வருகிறவர்கள் வேலை முடிந்தும் கிளம்ப மாட்டார்கள். கையில் இருக்கிற பழைய பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல இருக்கிறவர் எங்க தாத்தாவோட அப்பாவா, இல்ல பெரியப்பாவா?" என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு அப்பா வழி கடலூர், அம்மா வழி புதுச்சேரியில் இருக்கிற பாகூர். இரண்டு பக்கமும் பத்து வருஷமாக நானே தேடிக்கொண்டிருப்பதால் வாயைத் திறந்து மாட்டிக்கொள்வேன். ஒரே சந்தேகத்துக்கு ஒரே பதிலைச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

1. "எங்கேர்ந்துண்ணா ஆரம்பிக்கிறது? எந்த ஆப் போடணும்?"

ஆப் எதுவும் வேண்டாம். போனில் ஏற்கெனவே இருக்கிற வாய்ஸ் ரெக்கார்டர் போதும். சொந்தத்தில் வயதில் மூத்தவர் யார் என்று பார்த்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் எதிரில் போய் உட்காருங்கள். ஆவணக் காப்பகத்தில் இருக்கிற பதிவேடு அடுத்த வருஷமும் இருக்கும். எண்பத்தாறு வயதுப் பெரியம்மாவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. இன்டர்நெட் ஒரு பெயரைத் தேடித் தரும். எந்தப் பெயரை, எந்த ஊரில் தேட வேண்டும் என்பதை வீட்டிலிருந்துதான் வாங்கி வர வேண்டும்.

போவதற்கு முன் ஒரு நோட்டில் உங்களிடமிருந்து மேலே எழுதிக்கொண்டு போங்கள்: நீங்கள், அப்பா அம்மா, அவர்களுடைய அப்பா அம்மா. ஒவ்வொருவருக்கும் பெயர், ஊர், ஏறக்குறைய எந்த வருஷம், இது எனக்கு எப்படித் தெரியும் என்று நாலே விஷயம். நாலாவதை எல்லாரும் விட்டுவிடுவார்கள். "சித்தப்பா சொன்னது", "பத்திரத்தில் பார்த்தது" என்று ஒரு வார்த்தை போட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்து இரண்டு விவரம் மோதும்போது அந்த ஒரு வார்த்தைதான் காப்பாற்றும்.

2. "ஆயாகிட்ட கேட்டா 'அதெல்லாம் யாருக்குப்பா ஞாபகம் இருக்கு'ன்னுடுது. எப்படித்தான் கேக்கிறது?"

"எந்த வருஷம் பொறந்தீங்க?" என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். வருஷத்தைக் கேட்காதீர்கள், சம்பவத்தைக் கேளுங்கள். என் பெரியம்மாவிடம் வயது கேட்டபோது கையை விரித்தார். "பாண்டில மெர்ஜர் ஆனப்ப நீங்க எப்படி இருந்தீங்க?" என்றதும், "பிரெஞ்சுக்காரன் கொடி எறக்கினப்ப எனக்குத் தாவணி போட்டாச்சு, தங்கச்சி இடுப்புல இருந்தா" என்றார். 1954 நவம்பர் 1. அந்த ஒரு வரியில் அக்காள் தங்கை இரண்டு பேர் வயதும் ஒன்றிரண்டு வருஷம் முன்பின்னாகக் கிடைத்துவிட்டது. எம்ஜிஆர் இறந்தது, இந்திரா காந்தி இறந்தது, சுனாமி, தானே புயல் என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு அடையாளக் கல் உண்டு.

சிலருக்குத் தமிழ் வருஷம்தான் வாயில் வரும். அறுபது வருஷச் சுற்று என்பதால் ஒரு பெயருக்கு இரண்டு மூன்று ஆங்கில வருஷம் பொருந்தும். ஜய வருஷம் என்றால் 1894, 1954, 2014 மூன்றிலும் சித்திரையில் தொடங்கியது. எது என்பதை மற்ற விவரத்தை வைத்து முடிவு பண்ணுங்கள். போட்டோவைக் கையில் கொடுத்துவிட்டுப் பேச்சை ஆரம்பிப்பது நல்லது. போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுவில் யாராவது கூப்பிட்டு ரெக்கார்டிங் நின்றுபோய், அதுவே தெரியாமல் முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்த அனுபவம் எனக்கு உண்டு.

3. "தானே புயல்ல கூரை போயி எல்லாப் பேப்பரும் ஊறிப்போச்சு தம்பி. எங்களுக்கு இனிமே வழியே இல்லையா?"

2011 டிசம்பர் 30ஆம் தேதிக்கு அப்புறம் இந்தக் கேள்வியைக் கடலூரில் நிறைய வீடுகளில் கேட்கலாம். 2004 சுனாமியில் இழந்தவர்களும் இருக்கிறார்கள். வழி இருக்கிறது. உங்கள் வீட்டுக் காகிதம் போனால் பங்காளி வீட்டுக் காகிதம் இருக்கும். உங்கள் தாத்தா பெயர் உங்கள் வீட்டில் மட்டும் எழுதப்படவில்லை.

முதலில் மொய் நோட்டு. என் அம்மா கல்யாண மொய் நோட்டு 1971ஆம் வருஷத்தது, ஓரம் செல்லரித்த நாற்பது பக்கம். ஊர் வாரியாக எழுதியிருந்தார்கள். "ரெட்டிச்சாவடி அத்தை, ரூ. 5, வெண்கலச் சொம்பு 1" என்று ஒரு வரி. ரெட்டிச்சாவடியில் எங்களுக்கு அத்தை யாரும் இருப்பதாக அதுவரை நான் கேள்விப்பட்டதே இல்லை. விசாரித்துப் போனால் தாத்தாவின் ஒன்றுவிட்ட தங்கை வழி முழுசாக அங்கே இருந்தது. சொம்பும் எங்கள் பரணில்தான் இருந்தது, கழுத்தில் பேர் வெட்டி. பழைய பித்தளை, வெண்கலப் பாத்திரங்களைத் தேய்த்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுங்கள். நேரே வெளிச்சம் விழுந்தால் வெட்டெழுத்து தெரியாது.

அப்புறம் கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை. இரண்டிலும் தாத்தா பாட்டி பெயரும் உறவுமுறையும் வரிசையாக அச்சாகியிருக்கும். குலதெய்வம் கோயிலில் பங்காளிகளிடம் வரி வாங்குகிற நோட்டையும் விடாதீர்கள். குலதெய்வம் எந்த ஊரில் இருக்கிறதோ, பெரும்பாலும் அங்கிருந்துதான் உங்கள் முன்னோர் கிளம்பி வந்திருப்பார்கள். இப்போது நாம் இருக்கிற ஊரிலேயே தேடிக்கொண்டிருந்தால் மூணு தலைமுறையில் முட்டி நின்றுவிடும்.

4. "சொத்துப் பத்திரத்துல வம்சம் எங்க சார் இருக்கப் போவுது? எல்லை, சதுரடிதானே இருக்கும்?"

என்னைக் கேட்டால் நம் பக்கத்தில் பத்திரத்தைவிடப் பெரிய வம்சாவளிப் புத்தகம் கிடையாது. எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர் இரண்டு பேருக்கும் அப்பா பெயர், ஊர் இருக்கும். பல பத்திரங்களில் வயதும் இருக்கும். "காலஞ்சென்ற" இன்னாரின் குமாரர் என்று இருந்தால் அந்தத் தேதிக்கு முன்பே அவர் அப்பா இறந்துவிட்டார் என்று அர்த்தம். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்: பங்கு வாங்கும் அத்தனை பேரும் வந்துவிடுவார்கள், மைனர் பிள்ளைக்குக் கார்டியனாகத் தாயார் பெயரும் சேர்ந்து வரும். "பாரியாள்" என்றால் மனைவி. ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள், ௸ மேற்படி. இந்த நாலு குறியும் தெரிந்தால் பழைய பத்திரத்தில் பாதி பயம் போய்விடும்.

தமிழ்நாட்டுப் பக்கம் பதிவுத்துறையின் தளத்தில் வில்லங்க விவரத்தை இலவசமாகவே பார்க்கலாம். பெரும்பாலான சார்பதிவகங்களுக்கு 1975இல் இருந்து கிடைக்கும். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட வேண்டும். சொத்து வாரியாக ஓர் அட்டவணை, ஆள் பெயர் வாரியாக ஓர் அட்டவணை என்று இரண்டு வைக்க வேண்டும் என்பது 1908ஆம் வருஷப் பதிவுச் சட்டத்திலேயே இருக்கிறது. எனவே சர்வே எண் தெரியாவிட்டாலும் ஆள் பெயரை வைத்துத் தேடித் தரும்படி கேட்கலாம். புதுச்சேரி நிலங்களுக்கு "நிலமகள்" தளம். அங்கே பழைய பத்திரம் நொத்தேர் (பிரெஞ்சு நோட்டரி) எழுதிய பிரெஞ்சுப் பத்திரமாக இருக்கலாம். புரியவில்லை என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

5. "அண்ணன் துபாய்லேர்ந்து பழைய போட்டோவ வாட்ஸ்அப்ல அனுப்பினாரு. பெருசு பண்ணா ஒரே மங்கல்."

போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஸ்கேன் போடுவதாக இருந்தால் 600 டிபிஐ. பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்கள், ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் எழுத்தும் அங்கேதான் இருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் போட்டுத் தரும் ஆப் எல்லாம் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அது போடுகிற புடவைக் கலர் அதன் கற்பனை. அசலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

6. "யூடியூப்ல சென்சஸ்ல பாருங்கன்னு சொல்றாங்களே, நம்ம சென்சஸ் எங்க கிடைக்கும்?"

கிடைக்காது. அந்த வீடியோ அமெரிக்கா, இங்கிலாந்துக்காரர்களுக்கு. நம் நாட்டில் 1881இலிருந்து 2011 வரை பத்து வருஷத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்திருந்தாலும் நமக்குக் கிடைப்பது எண்ணிக்கைதான், வீட்டுக்கு வீடு எழுதிய பெயர் அல்ல. 1948 சட்டப்படி தனிநபர் விவரம் ரகசியம். இதில் ஒரு நாளும் வீணாக்காதீர்கள்.

அதற்குப் பதில் பழைய வாக்காளர் பட்டியல் உண்டு. 2025 கடைசியில் தீவிரத் திருத்தம் நடந்தபோது ஊரே 2002, 2005 பட்டியலில் அப்பா அம்மா பெயரைத் தேடியது நினைவிருக்கும். வீட்டு எண், தந்தை அல்லது கணவர் பெயர், வயது எல்லாம் அதில் இருக்கிறது. அப்போது உயிரோடு இருந்த தாத்தா பாட்டிக்கு அது நல்ல ஆதாரம்.

7. "தாத்தாவோட பர்த் சர்டிபிகேட்ட ஆன்லைன்ல தேடினா 'பதிவு இல்லை'ன்னு வருது. அவர் பொறக்கவே இல்லையா?"

பிறந்தார், பெயர்தான் இல்லை. பழைய பதிவில் குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே தகவல் கொடுத்துவிடுவார்கள். "ஆண்", அப்பா பெயர், அம்மா பெயர், ஊர். அவ்வளவுதான். எனவே அப்பா பெயரை வைத்துத் தேடச் சொல்லுங்கள். தவிர, பழைய பதிவேடுகள் எல்லாமே கம்ப்யூட்டரில் ஏறிவிடவில்லை. கிராமம் என்றால் விஏஓவைப் பாருங்கள், அந்த வருஷத்துப் பதிவேடு இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். 1969ஆம் வருஷச் சட்டத்துக்கு முன்னால் பதிவு செய்வதில் ஊருக்கு ஊர் நிறைய ஓட்டை. இறப்புப் பதிவையும் சேர்த்துத் தேடுங்கள், பல நேரம் அதுதான் கிடைக்கும்.

8. "அப்பாவுக்கு ஸ்கூல்ல ஜூன் 1, ஜாதகத்துல கார்த்திகை. எது சரி?"

ஜாதகம். வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்ட காலம் அது. பிறந்த தேதியைப் பெரும்பாலும் வாத்தியாரே போட்டார், பள்ளி திறக்கிற மாதத்துக்குத் தோதாக. ஜூன் 1, மே 5 மாதிரித் தேதியைப் பார்த்தாலே சந்தேகப்படுங்கள். ஆனால் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் அப்பா பெயர், ஊர், முன்பு படித்த பள்ளி எல்லாம் நம்பத் தகுந்தவை. நோட்டில் இரண்டு தேதியையும் எழுதுங்கள், ஒன்றை அடித்துவிடாதீர்கள்.

9. "நாங்க பாகூர் பக்கம். எங்க பதிவெல்லாம் பிரான்ஸ்ல இருக்காமே, இங்கேர்ந்தே பாக்கலாமா?"

பார்க்கலாம், காசும் கிடையாது. பிரெஞ்சு ஆட்சியில் எழுதிய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை நம்மூரில் எத்தா சிவில் என்பார்கள். அவற்றின் பிரதிகள் தென் பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதன் சுருக்கப் பெயர் ஏ, என், ஓ, எம் என்ற நாலு எழுத்து. கூகுளில் போட்டால் தளம் வரும். நூறு வருஷத்துக்கு முந்தைய பதிவுகளைப் படமாகவே ஏற்றியிருக்கிறார்கள். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் எல்லாம் உண்டு.

பெயர் போட்டுத் தேடலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். இந்தியா, ஊர், வருஷம் என்று தேர்ந்தெடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். நெசான்ஸ் பிறப்பு, மரியாஜ் திருமணம், தெசே இறப்பு. வருஷக் கடைசியில் பெயர் அட்டவணை இருந்தால் அங்கிருந்து பின்னால் வாருங்கள். தேதியை எண்ணில் தேடாதீர்கள், முழுக்க எழுத்தில் எழுதியிருப்பார்கள். என் அம்மாவின் தாத்தா பிறப்பு கிடைத்த ராத்திரி மணி ஒன்றரை. யார் வந்து தகவல் சொன்னார், அவர் வயது என்ன, என்ன தொழில், சாட்சி யார் என்று ஒரு பக்கம் முழுக்க இருந்தது. அம்மாவை எழுப்பிக் காட்டினேன். "காலைல காட்டக் கூடாதா?" என்றார், ஆனால் அப்புறம் தூங்கவில்லை.

நூறு வருஷத்துக்கு உட்பட்டதற்குப் புதுச்சேரி நகராட்சி, உழவர்கரை நகராட்சி அல்லது அந்தந்த கொம்யூன் பஞ்சாயத்துக்குப் போக வேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமையோடு இருந்தவர்களின் பதிவுக்கு பிரான்சில் நாந்த் நகரத்தில் தனி அலுவலகம் இருக்கிறது. லாஸ்பேட்டையில் இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை இருக்கிறது, ஆனால் அங்கே முதல் நாளே போக வேண்டாம். எந்த வருஷம், எந்த விஷயம் என்று தெரிந்த பிறகு போனால்தான் பலன்.

10. "முத்துசாமின்னு இங்கிலீஷ்ல அடிச்சுப் பாத்துட்டேன், ஒண்ணும் வரலியே?"

இங்கிலீஷ்காரன் எழுதிய முத்துவும் பிரெஞ்சுக்காரன் எழுதிய முத்துவும் வேறு வேறு. பிரெஞ்சில் "உ" ஓசைக்கு ஓ, யூ இரண்டு எழுத்தும் வேண்டும். எனவே முத்து: எம், ஓ, யூ, டி, டி, ஓ, யூ (Mouttou). சாமி என்றால் நடுவில் இரண்டு எஸ், ஒற்றை எஸ் போட்டால் அவர்கள் வாயில் இசட் ஓசையாக அழுந்திவிடும். குப்புசாமி: சி, ஓ, யூ, பி, பி, ஓ, யூ, எஸ், எஸ், ஏ, எம், வை. "ஜ" வந்தால் டி, ஜே (DJ). லட்சுமியில் நடுவே டி, சி, ஹெச் (TCH). அம்மாள் கடைசியில் இரண்டு எல்லும் ஒரு ஈயும். கிருஷ்ணசாமி பல இடத்தில் "கிச்செனசாமி" ஆகியிருப்பார். இன்றைக்கும் பாண்டிக்காரர் பாஸ்போர்ட்டைப் பார்த்தால் இந்த எழுத்துக் கூட்டல் தெரியும். பெயரை வாய்விட்டுச் சொல்லி, பிரெஞ்சுக்காரன் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்து நாலு விதமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கல், பெயரே மாறிப்போனவர்கள். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணைப்படி, சொந்தச் சமூகச் சட்டத்தை விட்டுக்கொடுத்துப் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்தவர்கள் ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். கோர்ட்டுக்கு ஷூ போட்டுக்கொண்டு போனதற்காக வழக்கு நடத்தி ஜெயித்த வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை, "லபோர்த்" என்று வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள். உங்கள் வீட்டில் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் இருந்தால், 1881க்கு முன்னால் அந்தப் பெயரில் தேடாதீர்கள், பெரும்பாலும் அப்போது அப்படி ஒருவர் இருந்திருக்க மாட்டார்.

11. "கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு. ஏஐகிட்ட போட்டோ எடுத்துக் குடுத்தா படிச்சிடுமா?"

ஓரளவு. பழைய பிரெஞ்சுக் கையெழுத்துக்கு டிரான்ஸ்கிரிபஸ் என்று தனிக் கருவி இருக்கிறது, அச்சிட்ட பக்கத்துக்குக் கூகுள் லென்ஸ் போதும். சாட் பண்ணுகிற ஏஐயும் சட்டென்று மொழிபெயர்த்துத் தரும். அதன் குறை, தெரியாது என்று சொல்லாது. நம்மூர்ப் பெயர் புரியாத இடத்தில் தனக்குத் தெரிந்த ஒரு பெயரைச் சரளமாக வைத்துவிட்டுப் போய்விடும். ஒரு குப்பம்மாளை எனக்கு "கேத்தரின்" ஆக்கிக் கொடுத்தது.

வாக்கியத்தை அதனிடம் கேளுங்கள், பெயரை நீங்கள் படியுங்கள். எழுதியவர் அதே எழுத்தை வேறு வார்த்தையில் எப்படிப் போட்டிருக்கிறார் என்று ஒப்பிட்டுப் பார்த்தால் பெயர் பிடிபடும். நாலைந்து பதிவு பார்த்த பிறகு வாசகம் மனப்பாடமாகிவிடும், எல்லாமே ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும்.

12. "நாங்க கடலூர் ஓட்டி. பிரெஞ்சு கிரெஞ்சு கிடையாது. எங்களுக்கு என்ன இருக்கு?"

ஓட்டி என்று நாம் சொல்கிற ஓல்ட் டவுனுக்கு, 4ஆவது பதிலில் சொன்ன பத்திரங்கள்தான் முதல் சொத்து. 1993க்கு முன்னால் கடலூர், விழுப்புரம் இரண்டும் சேர்ந்து தென்னாற்காடு மாவட்டம், தலைநகரம் கடலூர். கள்ளக்குறிச்சி 2019இல் பிரிந்தது. பழைய பதிவை இன்றைய மாவட்டப் பெயரில் தேடினால் வராது. வருவாய்த்துறையின் பழைய ஆவணங்கள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும்.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பங்குக் கோயிலின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடு அரசுப் பதிவைவிடப் பழையதாக இருக்கலாம். புதுச்சேரியும் கடலூரும் ஒரே உயர்மறைமாவட்டம் என்பதால் எல்லை தாண்டிய கல்யாணமும் பிடிபடும். பரங்கிப்பேட்டை மாதிரி ஊர்களில் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டைக் கேளுங்கள். புதுச்சேரி நிலம் துண்டு துண்டாக நம் மாவட்டத்துக்குள் கிடக்கிறதா, பெண் எடுத்ததும் கொடுத்ததும் எல்லையைப் பார்த்து நடக்கவில்லை. "பிரெஞ்சு கிடையாது" என்று உறுதியாகச் சொன்ன இரண்டு பேருக்கு ஆயா ஊர் பாகூர் என்று வந்தது. அவர்களும் 9ஆவது பதிலுக்குப் போக வேண்டியதாயிற்று.

13. "கொள்ளுத்தாத்தாவோட தம்பி கப்பலேறிப் போனவர் திரும்பவே இல்லியாம். அவரைக் கண்டுபிடிக்க முடியுமா?"

போனவர்களைப் பற்றி, இருந்தவர்களைவிட அதிகமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒப்பந்தக் கூலியாகப் போனவர் என்றால் எங்கே போனார் என்பதை முதலில் பிடியுங்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் என்றால், சென்னையிலிருந்து கிளம்பிய "ட்ரூரோ" 1860 நவம்பர் 16இல் டர்பன் சேர்ந்ததிலிருந்து பட்டியல் உண்டு. பெயர், அப்பா பெயர், வயது, மாவட்டம், கிராமம் வரை இருக்கும். மொரீஷியஸ் பதிவுகள் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில் இருக்கின்றன, சிலருக்குப் போட்டோவோடு. புதுச்சேரி, காரைக்காலிலிருந்து ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குப் போனார்கள். மார்த்தினிக்குக்கு முதல் கப்பல் "ஒரேலி" 1853 மே மாதம் போய்ச் சேர்ந்தது. சைகோனில் பிரெஞ்சு உத்தியோகம் பார்த்தவர் என்றால் 9இல் சொன்ன அதே தளத்தில் இந்தோசீனாப் பதிவுகளையும் பாருங்கள்.

அங்கே போனவரின் ஒற்றைப் பெயரே பேரப்பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. ராமசாமி, முத்துசாமி என்ற குடும்பப் பெயரோடு தமிழ் தெரியாத பிரெஞ்சுக்காரர்கள் சிலர் ஊர் தேடிக்கொண்டு பாண்டிக்கு வருவார்கள். அவர்கள் கையில் கிராமத்தின் பெயர் இருக்கும், நம்மிடம் ஆள் போன கதை இருக்கும். இரண்டும் சந்திப்பது அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது.

14. "ஆம்பளைங்க வரிசை அஞ்சு தலைமுறை வந்துடுச்சு. பொம்பளைங்க பேர் ஒண்ணுகூட இல்லியே?"

இதைக் கேட்டது ஒரு கல்லூரிப் பெண். நல்ல கேள்வி, நிறையப் பேர் கேட்பதே இல்லை. பட்டா, வில்லங்கம் எல்லாம் ஆண் பெயரில் ஓடுவதால் அதையே தொடர்ந்தால் ஆண் வரிசைதான் வரும். பெண்கள் பெயர் வேறு இடங்களில் இருக்கிறது: மைனருக்குக் கார்டியனாக, சீதனமாக எழுதிக் கொடுத்த நிலத்தில், ஜீவனாம்ச உரிமை எழுதிய செட்டில்மென்ட்டில், பாத்திரத்தில் வெட்டின பேரில், எத்தா சிவில் பிறப்புப் பதிவில் தாயாராக.

தாய்மாமன் வீட்டைத் தேடுங்கள். காதுகுத்துக்கு யார் மடி, யார் சீர் கொண்டு வந்தார் என்று கேட்டால் ஆயாவின் பிறந்த வீடு வந்துவிடும். தவிர, வீட்டில் கூப்பிட்ட பெயரும் பதிவில் உள்ள பெயரும் வேறாக இருக்கும். மாமியார் பெயரையே மருமகளுக்கும் வைத்திருந்தால் கூப்பிட முடியாதே, அதனால் வேறு பெயர் வைத்துக் கூப்பிட்ட வீடுகள் எனக்கே தெரியும்.

15. "சேத்ததையெல்லாம் எதுல போட்டு வைக்கிறது?"

ஐம்பது பேர் வரை எக்செல் போதும். அதற்கு மேல் போனால் கிராம்ப்ஸ் என்கிற வம்சாவளி மென்பொருள். இலவசம், உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும், தமிழில் பெயர் போடலாம். ஃபேமிலிசர்ச் தளமும் இலவசம், ஆனால் அங்கே உலகத்துக்கே சேர்த்து ஒரே மரம். நீங்கள் போட்ட தாத்தாவை வேறொருவர் திருத்தலாம். எதில் போட்டாலும் ஜெட்காம் (வம்சாவளி மென்பொருள்களுக்குப் பொதுவான வடிவம்) கோப்பாக இறக்கிக்கொள்ள முடிகிறதா என்று முதலில் பாருங்கள். இறக்க முடியாத இடத்தில் உழைப்பைக் கொட்டாதீர்கள். மாமன் மகளைக் கட்டியவர்கள் இருந்தால் படம் வரையும்போது ஒரே பாட்டி இரண்டு இடத்தில் வருவார். அது பிழையல்ல, நம் குடும்பம் அப்படி.

உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, போன் நம்பர், ஆதாரைப் பொதுவில் வைக்காதீர்கள். அம்மாவின் திருமணத்துக்கு முந்தைய பெயர் எத்தனை இடத்தில் ரகசியக் கேள்வியாக இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

16. "எச்சில் குடுத்தா வம்சமே வந்துடுமாமே, அந்த டிஎன்ஏ டெஸ்ட்?"

நமக்கு இப்போதைக்கு அவ்வளவு பலன் இல்லை. அந்தக் கம்பெனிகளின் கையில் இருப்பது பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் எச்சில் மாதிரிகள். உங்கள் பங்காளி யாரும் டெஸ்ட் எடுக்காவிட்டால் யாரோடு பொருத்திப் பார்ப்பது? போதாக்குறைக்கு, ஒன்றுவிட்ட சகோதரர்களுக்குச் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொருந்தும் என்கிற கணக்கு, தலைமுறை தலைமுறையாக அத்தை மகன், மாமன் மகள் கட்டிய குடும்பத்தில் செல்லாது. தூரத்து உறவும் நெருங்கிய உறவு மாதிரிக் காட்டும். ரீயூனியன், தென்னாப்பிரிக்கா வழியைத் தேடுபவர்களுக்கு மட்டும் (13ஐப் பாருங்கள்) ஒரு கை பார்க்கலாம் என்பேன்.

எச்சிலைத் திரும்ப வாங்க முடியாது என்பதையும் யோசியுங்கள். 23அண்ட்மீ கம்பெனியில் 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் கசிந்தது. 2025 மார்ச்சில் அது திவால் மனு போட்டது.

17. "பிரெஞ்சுப் பதிவு கிடைச்சா பிரெஞ்சு நேஷனாலிட்டி வாங்கிடலாமாண்ணா?"

கடையில் குரலைத் தாழ்த்திக் கேட்கப்படும் கேள்வி இதுதான். கொள்ளுத்தாத்தா பிறப்பு எத்தா சிவிலில் இருந்தால் மட்டும் போதாது. 1962 ஆகஸ்ட் 16இல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் இந்தியர் ஆகிவிட்டார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் யாராவது எழுதிக் கொடுத்தார்களா, அல்லது அப்போது வெளியே குடியிருந்தார்களா என்பதுதான் கேள்வி. எழுதிக் கொடுத்த குடும்பம் என்றால் பெரும்பாலும் உங்களுக்கே தெரிந்திருக்கும், "சொல்தா" (பிரெஞ்சு ராணுவச் சிப்பாய்) பென்ஷன் வாங்கிய தாத்தா ஒருவர் இருப்பார். வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் போகாதீர்கள், கான்சுலேட்டில் கேளுங்கள்.

18. "தேடப் போயி, தாத்தாவுக்கு வில்லியனூர்ல இன்னொரு குடும்பம் இருந்தது தெரிஞ்சிடுச்சு. என்ன சார் பண்றது?"

ஒன்றும் பண்ணாதீர்கள், கொஞ்ச நாள். நோட்டில் ஆதாரத்தோடு எழுதி வையுங்கள், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். ஆயா உயிரோடு இருந்தால் அவரிடம் போய் நிரூபித்துக் காட்ட வேண்டாம். அவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. பழைய பதிவில் சாதி வேறாக இருந்தது, சுவீகாரம் போனது, ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணியது எல்லாவற்றுக்கும் இதே பதில். சொத்து விவகாரம் கலந்திருந்தால் வக்கீலைப் பாருங்கள்.

19. "ஒரே ஊர்ல, ஒரே பேர்ல ரெண்டு பேர் இருக்காங்க. எங்க தாத்தா எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தால் வருகிற வினை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் முதல் பையனுக்கு அப்பா பெயரை வைத்தால், ஒரே வயதில் இரண்டு குப்புசாமி. பெயரை விட்டுவிட்டு மற்றதை ஒப்பிடுங்கள்: அப்பா பெயர், தொழில், மனைவி, சாட்சி போட்டவர், நிலத்தின் எல்லையில் யார் நிலம். பத்திரத்தில் நாலெல்லை சொல்லும்போது பக்கத்து நிலம் பெரும்பாலும் பங்காளியுடையதாகத்தான் இருக்கும். கையெழுத்து போட்டாரா, கைநாட்டா என்பதுகூட இரண்டு பேரைப் பிரித்துக் காட்டும்.

பாகூரில் எனக்கே அப்படி இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவருக்கு அப்பா அய்யாசாமி, இன்னொருவருக்கு அய்யாவு. எழுதியவர் சுருக்கி எழுதிய ஒரே ஆளா, இரண்டு ஆளா என்பது மூன்று வருஷமாகத் தெரியவில்லை. பெரியம்மா பையன் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு தாய்ப்பத்திரம் இருக்கிறது என்கிறார்கள், அவன் சாவியைத் தேடுகிறேன் என்கிறான். அதுவரை இரண்டு குப்புசாமியையும் பென்சிலில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.